நான்கா, எட்டா, பதினேழா? தமிழ்ச் சொல்லை எந்தப் பகுப்பில் கற்பிப்பது

வார இறுதியில் நான் நடத்தும் சிறிய தமிழ் வகுப்புக்குப் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி தன் பள்ளியில் கொடுத்த பயிற்சித்தாளை எடுத்து வந்தாள். கீழ்க்காணும் தொடர்களில் வினைச்சொல்லை அடிக்கோடிடுமாறு அதில் கேட்டிருந்தார்கள். முதல் தொடர், 'அவனுடைய ஓட்டம் எல்லோரையும் கவர்ந்தது' என்பது. அவள் 'ஓட்டம்' என்ற சொல்லின் கீழ் அழுத்தமாகக் கோடு போட்டிருந்தாள். இரண்டாம் தொடர், 'என் மாமா மருத்துவர்' என்பது. அதில் எதன் கீழும் கோடு இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. செயலைக் குறிப்பது வினை என்றும், வினை இல்லாமல் வாக்கியம் அமையாது என்றும் ஆங்கில வகுப்பில் அவள் பழகியிருந்தாள். அவ்விரு விதிகளையும் தமிழின் மேல் அப்படியே போட்டுப் பார்த்தாள். இரண்டும் அவளைக் கைவிட்டன. அவள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் அந்தத் தாளைத் தயாரித்தவரும் அதே விதிகளை மனத்தில் வைத்துத்தான் தயாரித்திருந்தார் என்பது இரண்டாம் தொடரைப் பார்த்தாலே தெரிந்தது.

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டிய ஒன்று இது: சொல்வகைகளை எந்தப் பகுப்பின்படி கற்பிப்பது? நம் முன் மூன்று வழிகள் உள்ளன. பெயர், வினை, இடை, உரி என்னும் மரபுப் பகுப்பு ஒன்று. ஆங்கிலப் பள்ளி இலக்கணத்திலிருந்து வந்த எட்டு வகைப் பகுப்பு மற்றொன்று. கணினிக்கு மொழியைப் பயிற்றுவோர் இன்று கையாளும் பதினேழு குறிகள் கொண்ட பகுப்பு மூன்றாவது. மூன்றையும் ஏதோ ஓர் அளவில் வகுப்பில் முயன்று பார்த்தவன் என்ற முறையில், எது எங்கே உதவும், எது எங்கே இடறும் என்பதை எழுதுகிறேன்.

மரபு தரும் நான்கு

நான்கு வகை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தொல்காப்பியர் அவற்றை ஒரே தட்டில் வைக்கவில்லை. 'சொல் எனப்படுப பெயரே வினையென்று ஆயிரண்டு என்ப' என்று முதலில் இரண்டை மட்டும் நிறுத்துகிறார். இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவ்விரண்டின் பக்கத்தில் தோன்றுபவை என்று அடுத்த நூற்பாவில் சேர்க்கிறார். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியும் பெயர், வினை என இரண்டாகும் என்று தொடங்கி, இடையும் உரியும் அடுத்து வர நான்காகும் என்றே சொல்கிறார். ஆகவே மரபுப் பகுப்பை இரண்டும் இரண்டும் என்று எண்ணுவதே சரி. கற்பிக்கும்போது இந்த வரிசை பெரிதும் உதவுகிறது: முதல் இரண்டு மாதங்களுக்குப் பிள்ளைக்கு இரண்டே பெட்டிகள் போதும்.

அந்த இரண்டு பெட்டிகளைப் பிரிப்பதற்குத் தொல்காப்பியர் தரும் அளவுகோல் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. 'வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது நினையுங் காலைக் காலமொடு தோன்றும்' என்பது நூற்பா. செயலைக் குறிப்பது வினை என்று அவர் சொல்லவில்லை. சொல்லின் பொருளை விட்டுவிட்டு அதன் நடத்தையைப் பார்க்கச் சொல்கிறார்: அது வேற்றுமை உருபை ஏற்கிறதா, காலத்தோடு தோன்றுகிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் பத்து வயதுப் பிள்ளை தானே கேட்டு விடை காண முடியும். 'ஓட்டம்' என்பதோடு ஐ சேர்த்துப் பார். 'ஓட்டத்தை' என்று வருகிறது, எனவே பெயர். 'கவர்ந்தது' என்பதை நாளைக்கு மாற்றிப் பார். 'கவரும்' என்று வருகிறது, எனவே வினை. அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. பிறகு அவளே ஆட்டம், பாட்டு, சிரிப்பு, அழுகை, தூக்கம் என்று செயலைக் குறிக்கும் பெயர்களாகத் தேடித் தேடிச் சொல்லத் தொடங்கினாள்.

சிக்கலான இடத்திலும் அளவுகோல் உடையவில்லை. 'வந்தவன்' என்ற சொல் இறந்தகாலத்தைக் காட்டுகிறது, அதே வேளையில் 'வந்தவனை' என்று வேற்றுமை உருபையும் ஏற்கிறது. இரண்டு சோதனையிலும் தேறும் சொல்லை எங்கே வைப்பது? நூற்பா 'வேற்றுமை கொள்ளாது' என்பதை முதலில் வைத்திருப்பது இங்கே கைகொடுக்கிறது. வேற்றுமை ஏற்றுவிட்டதால் அது பெயர்தான்; காலம் காட்டினாலும் வினையாலணையும் பெயர். வகுப்பில் இதை நான் விதியாக முன்கூட்டிச் சொல்வதில்லை. 'வந்தவன்' என்ற சொல்லைப் பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகளைச் சண்டை போட விடுவேன். கடைசியில் எந்தச் சோதனையை முதலில் செய்வது என்று அவர்களே கேட்கும் நேரத்தில்தான் நூற்பாவைச் சொல்வேன்.

'என் மாமா மருத்துவர்' என்ற தொடரும் இந்தப் பகுப்பில் தொல்லை தருவதில்லை. தமிழில் பயனிலை வினையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர்ப் பயனிலையும் உண்டு, 'அவர் யார்?' என்பதுபோல வினாப் பயனிலையும் உண்டு. அந்தத் தொடரில் அடிக்கோடிட வினை எதுவும் இல்லை. அவள் போட்ட கேள்விக்குறியே சரியான விடை என்று சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு மரபுப் பகுப்பின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் குறை இடைச்சொல். வேற்றுமை உருபு, கால இடைநிலை, விகுதி, சாரியை, உவம உருபு, ஏ, ஓ, உம் ஆகிய எல்லாம் அந்த ஒரே பெட்டியில் கிடக்கின்றன. 'மரத்தை' என்பதில் உள்ள ஐ ஒரு சொல்லா என்று ஒரு பையன் என்னைக் கேட்டான். தனித்து நிற்காத சொல்லுறுப்பையும், 'போல', 'மற்று' போலத் தனித்து எழுதப்படும் சொல்லையும் ஒரே பெயரால் அழைப்பதற்கான காரணத்தை அவனுக்கு விளங்கச் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டாம் குறை உரிச்சொல். நன்னூல் உரிச்சொல்லைச் 'செய்யுட்கு உரியன' என்றே வரையறுக்கிறது. சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆகியவை மிகுதியைக் குறிக்கும் உரிச்சொற்கள் என்று சூத்திரம் அடுக்குகிறது. இவற்றுள் இன்றைய உரைநடையில் 'சாலச் சிறந்தது' போன்ற ஓரிரு தொடர்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. செய்தித்தாளைக் கையில் கொடுத்து உரிச்சொல்லைத் தேடச் சொன்னால் பிள்ளை மாலைவரை தேடிக்கொண்டிருக்கும். இந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் சில ஆசிரியர்கள் 'நல்ல', 'அழகான' ஆகியவற்றை உரிச்சொல் என்று சொல்லிவிடுகிறார்கள். அது பிழை, ஆங்கிலப் பெட்டி ஒன்றின் மேல் தமிழ்ப் பெயர் ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது 'மெல்ல' போன்ற சொற்களைப் பற்றியது. மரபு அதைக் குறிப்பு வினையெச்சம் என்கிறது. எந்த வினையின் எச்சம் என்று பிள்ளை கேட்டால், பண்பை அடியாகக் கொண்ட குறிப்பு வினை என்று தொடங்கி நீண்ட விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. உயர்வகுப்பு மாணவருக்கு அது சுவையான பாடம். பத்து வயதுக்குச் சுமை.

வெளியிலிருந்து வந்த எட்டு

பெயர்ச்சொல், பிரதிப்பெயர், பெயரடை, வினைச்சொல், வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்புச்சொல் என்னும் எட்டும் ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். இந்த எட்டு எல்லா மொழிக்கும் பொதுவான இயற்கை விதி என்ற எண்ணமும் அவர்களுக்கு உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கிரேக்க மொழிக்கு இலக்கணம் எழுதிய தியோனிசியசு திராக்சு காட்டிய எட்டில் பெயரடை தனி வகையாக இல்லை, வியப்புச்சொல்லும் இல்லை. ஆங்கிலத்தின் 'the' போலக் கிரேக்கத்தில் பெயருக்கு முன் வரும் சார்படைச்சொல்லும், வினையும் பெயரும் கலந்த எச்ச வடிவும் அந்த இடங்களில் இருந்தன. லத்தீனில் சார்படைச்சொல் கிடையாது என்பதால் லத்தீன் இலக்கணக்காரர்கள் அதை நீக்கி வியப்புச்சொல்லைச் சேர்த்து எட்டைக் காப்பாற்றினார்கள். பெயரடை, பெயரின் ஓர் உட்பிரிவாக இருந்து மிகப் பிற்காலத்தில்தான் தனிக்குடித்தனம் போனது. ஒவ்வொரு மொழியும் தன் உடம்புக்கு ஏற்ப இந்தச் சட்டையை வெட்டித் தைத்துக்கொண்டது என்பதே உண்மை. வடமொழியில் நிருக்தம் என்னும் சொற்பொருள் விளக்க நூலைச் செய்த யாஸ்கரும் பெயர், வினை, முன்னொட்டு, இடைச்சொல் என நான்காகவே பிரித்தார்.

தமிழுக்கு இந்தச் சட்டையை அணிவித்துப் பார்த்தவர்கள் முதலில் மிஷனரிகள். சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. வீரமாமுனிவர் லத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. ஐரோப்பியர் தமிழ் கற்க அவை எழுதப்பட்டன. தெரிந்த சட்டகத்தின் வழியே தெரியாத மொழிக்குள் நுழைவது அவர்களுக்கு இயல்பு. இன்று ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியவர் ஒருவர் தமிழ் கற்க வந்தாலும் நான் அந்த வழியைத் தடுக்க மாட்டேன். 'அழகு' பெயர், 'அழகான' பெயரடை, 'அழகாக' வினையடை என்று மூன்று கட்டங்களில் போட்டுக் காட்டினால் அவருக்கு அன்றைக்கே வாக்கியம் வந்துவிடுகிறது. ஆன, ஆக என்பவை 'ஆகு' என்னும் வினையின் எச்சங்கள் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

தமிழை வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைக்கோ இந்த எட்டில் இரண்டு மூன்று பெட்டிகள் தவறான இடத்தைக் காட்டுகின்றன. முன்னிடைச்சொல் என்ற பெயரே வேடிக்கை. 'மேசைக்குக் கீழே', 'வீட்டுக்குள்', 'அவனைப் பற்றி' ஆகியவற்றில் அச்சொல் பெயருக்குப் பின்னால்தான் நிற்கிறது. பின்னால் நிற்பதை முன்னிடைச்சொல் என்று எழுதினால்தான் மதிப்பெண் என்ற நிலை எந்தப் பிள்ளைக்கும் நல்லதன்று. இணைப்புச்சொல்லும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இரண்டு பெயருக்கு நடுவே ஒரு சொல் நிற்கும்; தமிழில் 'அண்ணனும் தம்பியும்' என்று உம் இரண்டு பெயரிலும் ஒட்டிக்கொள்ளும். அடிக்கோடிட ஒரு தனிச்சொல் வேண்டும் என்று தேடும் பிள்ளை 'அண்ணன் மற்றும் தம்பி' என்று எழுதப் பழகுகிறது. நம் அறிவிப்புப் பலகைகளில் 'மற்றும்' பெருகிக் கிடப்பதற்கு இந்தப் பெட்டியும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

பெரிய இழப்பு வினையில்தான் நேர்கிறது. 'படித்த பையன்' என்பதில் 'படித்த' பெயரடை என்றும், 'சிரித்துப் பேசினாள்' என்பதில் 'சிரித்து' வினையடை என்றும் எட்டு வகைப் பகுப்பு எழுதவைக்கும். படித்தான், படித்த, படித்து, படிக்க, படித்தால் ஆகிய ஐந்தும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 'அவனுக்குப் பணம் இல்லை' என்ற தொடரில் 'இல்லை' எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் மறுப்புச்சொல் வினையடைப் பெட்டியில் கிடப்பதால் பிள்ளை வினையடை என்று எழுதும். அப்படியானால் வாக்கியம் எதில் முடிகிறது என்று அதற்கே குழப்பமாக இருக்கும். நன்னூலிடம் போனால் குழப்பமில்லை: வேறு, இல்லை, உண்டு ஆகிய மூன்றும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாக வரும் குறிப்பு வினைமுற்றுகள். நான் இல்லை, நீ இல்லை, அவள் இல்லை, அவை இல்லை என்று சொல்லிப் பார்த்தால் பிள்ளைக்கே புரிந்துவிடுகிறது.

கணினிக்கான பதினேழு

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் குறைவு. உலக மொழிகள் பலவற்றின் வாக்கியங்களுக்கு ஒரே முறையில் குறியிடுவதற்காக உருவான பொதுச் சார்புநிலைத் திட்டம் 17 சொல்வகைக் குறிகளைப் பயன்படுத்துகிறது. தமிழிலும் அத்தகைய குறியிட்ட தொகுப்பு உண்டு. 600 வாக்கியங்கள் கொண்ட சிறிய தொகுப்பு. இத்திட்டத்தில் எனக்குப் பிடித்தது, சொல்வகை ஓர் அடுக்காகவும் சொல்லின் வடிவப் பண்புகள் மற்றோர் அடுக்காகவும் சொல் வாக்கியத்தில் செய்யும் வேலை மூன்றாம் அடுக்காகவும் பிரித்து எழுதப்படுவது. 'படித்த' என்பதை வினை என்றே குறித்துவிட்டு, அதன் வடிவம் எச்சம் என்பதையும், அது 'பையன்' என்ற பெயருக்கு அடையாக நிற்கிறது என்பதையும் தனித்தனியே பதிவு செய்யலாம். எட்டு வகைப் பகுப்பில் நேர்ந்த சண்டை இங்கே எழுவதில்லை, ஏனெனில் சொல் என்னவாக இருக்கிறது என்பதும் அது என்ன செய்கிறது என்பதும் வேறு வேறு கேள்விகளாக நிற்கின்றன.

துணைவினைக்குத் தனிக் குறி இருப்பதும் நல்லது. 'தம்பி வீட்டில் இருக்கிறான்' என்பதில் 'இரு' முதன்மை வினை; 'தம்பி வந்திருக்கிறான்' என்பதில் துணைவினை. விடு, கொள், போடு, வை, போ ஆகியவை இப்படி இரட்டை வேடம் போடுவது இன்றைய தமிழின் உயிர்நாடி. பழைய இலக்கண நூல்களில் இதற்குத் தனி இயல் கிடையாது. மாணவர் எழுதியவற்றைக் குறியிட்டுத் தொகுப்போரும், தமிழ் மென்பொருள் எழுதுவோரும் 17 குறிகளையே எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வகுப்பில் அதன் குறிப்பட்டியல் தேவையில்லை. மூன்று அடுக்கு என்னும் எண்ணம் மட்டும் போதும்.

என் தேர்வு அதிலிருந்துதான் பிறந்தது. சொல்வகை என்றால் மரபின் பெயரும் வினையுமே முதுகெலும்பு. பெயரடை, வினையடை என்னும் பெயர்களைச் சொல்லின் பிறப்புக்கு வைக்காமல், வாக்கியத்தில் அது பார்க்கும் வேலைக்கு வைத்துக்கொள்கிறேன். 'பட்டுப் புடவை' என்பதில் 'பட்டு' பிறப்பால் பெயர், இங்கே பார்க்கும் வேலை பெயருக்கு அடை. 'எழுந்த பையன்' என்பதில் 'எழுந்த' பிறப்பால் வினை, வேலை அதே. 'மெல்ல நடந்தாள்' என்பதில் 'மெல்ல' செய்யும் வேலை வினைக்கு அடை. அதன் பிறப்பைப் பத்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். இடைச்சொல்லை மூன்றாம் மாதத்தில் வேற்றுமை உருபுகளோடு தொடங்குகிறேன். உரிச்சொல் செய்யுள் பாடம் வரும்வரை காத்திருக்கலாம். தமிழ்வழிப் பாடத்திட்டத்தில் தேர்வெழுதும் பிள்ளையாக இருந்தால் நான்கு பெயர்களையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதும், பகுதி முதல் விகாரம் வரை ஆறு பகுபத உறுப்புகளையும் பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் வேறு விஷயம். அது தேர்வின் தேவை.

வினையை வாக்கியத்தில் வைப்பது

சொல்லை இனங்காண்பது பாதி வேலை. வினையை வாக்கியத்தில் பிழையின்றிக் கையாளச் செய்வது மற்றப் பாதி. இங்கும் தேர்வு உண்டு: வாய்பாடு அடுக்கி மனப்பாடம் செய்விக்கலாம், அல்லது வாக்கியத்தைக் கட்டச் சொல்லிப் பழக்கலாம்.

வாய்பாட்டு வழியில் தமிழ் வினைகளைக் காலம் காட்டும் முறையை வைத்துப் பன்னிரண்டு வகையாகப் பகுப்பது வழக்கில் உள்ளது. செய், ஆள், கொல், அறி, ஆக்கு, நடு, உண், தின், கேள், கல், தீர், நட ஆகியவை அவ்வகைகளுக்கு அடையாள வினைகள். செய்தான், ஆண்டான், கொன்றான், அறிந்தான், ஆக்கினான், நட்டான், உண்டான், தின்றான், கேட்டான், கற்றான், தீர்த்தான், நடந்தான் என்று இறந்தகாலத்தை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் மொழியின் கணக்கு காதில் விழுகிறது. வெளிநாட்டில் வளர்ந்து தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் இளைஞருக்கு இந்த அட்டவணை இல்லாமல் முடியாது. அவர் 'நில்லினேன்', 'கேளினேன்' என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். 'வாங்கினேன், பேசினேன்' என்று கேட்டுப் பழகிய மனம் எல்லா வினையையும் அந்த அச்சில் வார்க்கப் பார்க்கிறது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த மனப்பாடம் வீண். அது 'நின்றேன்' என்பதை எழுதத் தெரியாமல் 'நின்னேன்' என்று எழுதலாம், ஆனால் 'நில்லினேன்' என்று ஒருநாளும் சொல்லாது. அதற்கு வேண்டியது பேச்சு வடிவையும் எழுத்து வடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம்: வந்துச்சு, வந்தது, மாடுங்க வந்துச்சு, மாடுகள் வந்தன. எழுத்தில் திணையும் பாலும் எண்ணும் இடமும் வினைமுற்றில் ஒத்து வர வேண்டும் என்பதைப் பிள்ளை அங்கேதான் தெரிந்துகொள்கிறது.

வாக்கியம் கட்டும் வழிக்கு நன்னூலின் ஒரு சூத்திரமே சிறந்த பாடத்திட்டம் என்பது என் கருத்து. 'செய்பவன் கருவி நிலம்செயல் காலம் செய்பொருள் ஆறும் தருவது வினையே' என்பது அது. உரைகளில் காட்டப்படும் உதாரணம் 'வனைந்தான்' என்ற ஒரே சொல். அதைச் சொன்னதும் வனைந்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதும், அவனிடம் சக்கரம் போன்ற கருவி இருந்தது என்பதும், ஓர் இடத்தில் உட்கார்ந்துதான் அதைச் செய்தான் என்பதும், வனைதல் என்னும் தொழில் நடந்தது என்பதும், அது நடந்து முடிந்துவிட்டது என்பதும், குடம் ஒன்று உருவானது என்பதும் உடன் கிடைக்கின்றன. வாக்கியத்தை எழுவாயிலிருந்து கட்டுவதற்குப் பதிலாக வினையிலிருந்து பின்னோக்கிக் கட்டுவதற்கு இதைவிடத் தெளிவான வழியை நான் எங்கும் காணவில்லை. தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்பதால் இது மொழியின் போக்குக்கும் ஒத்து வருகிறது.

வகுப்பில் இதைச் செய்யும் முறை எளியது. பலகையின் வலது ஓரத்தில் 'பொரித்தாள்' என்று மட்டும் எழுதுவேன். ஆறு பிள்ளைகள் ஆறு கேள்வி கேட்க வேண்டும். யார்? அத்தை. எதில்? வாணலியில். எங்கே? அடுப்படியில். எப்போது? நேற்றுச் சாயங்காலம். எதை? அப்பளத்தை. என்ன செய்தாள் என்ற கேள்விக்கு விடை பலகையிலேயே இருக்கிறது, எனவே ஆறாம் பிள்ளை மற்ற ஐந்து விடையையும் வரிசைப்படுத்திப் படிக்கும்: 'நேற்றுச் சாயங்காலம் அத்தை அடுப்படியில் வாணலியில் அப்பளத்தைப் பொரித்தாள்.' பிறகு ஒவ்வொரு சொல்லாக அழிப்போம். எதை அழித்தாலும் வாக்கியம் தப்பிப் பிழைக்கிறது, வினையை அழித்தால் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அப்பளத்தை அழித்தால் கேட்பவர் 'எதை?' என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்த வாரம் 'தூங்கினான்' என்று எழுதுவேன். 'எதை?' என்று கேட்க வேண்டிய பிள்ளை வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொள்ளும். செயப்படுபொருள் குன்றிய வினை என்னும் பெயரை அதற்குப் பிறகு சொன்னால் ஒட்டிக்கொள்கிறது, முன்னால் சொன்னால் உதிர்ந்துவிடுகிறது. அதற்கும் அடுத்த வாரம் 'பசிக்கிறது' வரும். இந்த முறை 'யார்?' என்று கேட்கும் பிள்ளைதான் சிக்கிக்கொள்ளும். 'நான் பசிக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். தெரியும், பிடிக்கும், வேண்டும், வலிக்கிறது என்று பட்டியல் நீளும். எழுவாய் எப்போதும் உருபின்றி முதல் வேற்றுமையில் முன்னால் நிற்கும் என்று கற்ற பிள்ளை 'நான் தமிழ் தெரியும்' என்று எழுதிக் கொண்டு வருவதுண்டு; பின்னோக்கிக் கட்டப் பழகிய பிள்ளை அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

எச்சத்துக்கும் இந்த வழியே நல்லது. 'பள்ளியிலிருந்து வந்து, கை கழுவி, சோறு தின்று, படுத்துத் தூங்கி எழுந்த பையன் பாடம் எழுத உட்கார்ந்தான்' என்ற வாக்கியத்தில் எத்தனை வினை என்று கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்று என்பார்கள். முற்று ஒன்றுதான், வினை எட்டு. வந்து, கழுவி, தின்று, படுத்து, தூங்கி, எழுந்த, எழுத, உட்கார்ந்தான் ஆகிய ஒவ்வொன்றையும் பலகையின் வலது ஓரத்துக்கு இழுத்து வந்து முற்றாக்கி அதே கேள்விகளைக் கேட்டால் எட்டுச் சின்ன வாக்கியங்கள் கிடைக்கின்றன. அவற்றைத் திரும்பவும் ஒன்றாகக் கோக்கும்போது எதற்கு வினையெச்சம், எதற்குப் பெயரெச்சம் என்பது தானாக விளங்குகிறது. எட்டையும் எச்சமாக்கிவிட்டு வாக்கியத்தை முடிக்க மறந்துபோவதுதான் பிள்ளைகள் கட்டுரையில் அதிகம் காணும் பிழை. பெரியவர்கள் எழுதும் விண்ணப்பங்களிலும் அது குறைவில்லை.

தன்வினை பிறவினைக்கு நான் ஒதுக்கும் வகுப்பு மற்ற எல்லாவற்றையும்விடச் சத்தமாக நடக்கும். உடைந்தது, உடைத்தான், சேர்ந்தது, சேர்த்தான், திரும்பியது, திருப்பினான் என்று ஜோடிகளை எழுதிவிட்டு, வீட்டில் தம்ளர் உடைந்த கதையைச் சொல்லச் சொல்வேன். ஒருவர் தவறாமல் எல்லோரும் 'தம்ளர் உடைஞ்சிடுச்சு' என்றே தொடங்குகிறார்கள். செய்பவன் எங்கே என்று நன்னூல் கேட்கிறது என்றேன். அந்தப் பத்து வயதுப் பிள்ளை சற்று யோசித்து, 'அது செய்பவன் இல்லாத வினை சார், அம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன்' என்றாள்.